பத்துத் துண்டும் ஒரே இரவில் விரிந்தால்: இ.எஸ்.சி.ஆர். சோதனைக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

பினாயில், சோப்புக் கரைசல், பூச்சிமருந்து ஆகியவற்றுக்கு எச்.டி.பி.இ. (அடர்த்தி கூடிய பாலிஎதிலீன்) கேன் வார்க்கும் ஒரு தொழிற்கூடத்தின் சோதனை அறை எனக்குப் பழக்கம். அங்கே அடிக்கடி வரும் பஞ்சாயத்து ஒன்றுதான். காலையில் தொட்டியைத் திறந்தால் சோதனைத் துண்டுகள் விரிசல் விட்டுக் கிடக்கும். உடனே பதிவேட்டில் "ரெசின் மோசம்" என்று மூலப் பிளாஸ்டிக்கின் மேல் பழி ஏறிவிடும். இரண்டு நாள் கழித்து அந்த வரியை யாராவது அடித்துவிட்டு, பக்கத்தில் "பிளேடு" என்றோ "மூடி சரியில்லை" என்றோ எழுதுவார்கள். அப்படி அடித்துத் திருத்திய பக்கங்களைப் புரட்டித்தான் இதை எழுதுகிறேன்.

இ.எஸ்.சி.ஆர். என்பது சோப்பு போன்ற திரவமும் இழுவிசையும் சேரும்போது பிளாஸ்டிக் விரிசல் விடாமல் தாங்கும் திறன். பேசப்போவது அதை அளக்கும் ஏ.எஸ்.டி.எம். டி 1693 வளைதுண்டுச் சோதனையைப் பற்றி. 38 × 13 மி.மீ. அளவில் பத்துத் துண்டுகள். ஒவ்வொன்றின் முகத்திலும் நீளவாக்கில் ஒரு பிளேடு வெட்டு. வெட்டு வெளிப்பக்கம் இருக்கும்படி வளைத்து, பித்தளைக் கால்வாயில் செருகி, குழாயில் இறக்கி, இகெபால் என்ற சோப்பு வகைத் திரவத்தின் கரைசல் ஊற்றிச் சூடான தொட்டியில் வைக்கிறோம். பாதித் துண்டுகள் விரிவதற்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. பாலிஎதிலீனைத் தவிர வேறு பிளாஸ்டிக் என்றால் அறிகுறி 7-க்குப் போங்கள்.

முதலில் ஒரு கேள்வி: கட்டுப்பாட்டுத் தகடு என்ன சொல்கிறது?

நன்றாகத் தெரிந்த ஒரு ரெசினை ஒரு மூட்டை தனியாக எடுத்து, பூட்டி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சோதனையோடும் அதிலிருந்து வார்த்த தகட்டின் ஒரு தொகுதியும் தொட்டிக்குள் போக வேண்டும். செலவு என்று முதலாளி முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

கட்டுப்பாட்டுத் துண்டுகளும் வழக்கத்துக்கு மாறாக நடந்தால் கோளாறு உங்கள் மேசையில் இருக்கிறது. கீழே உள்ள சோதனைகளை வரிசையாகப் பாருங்கள். அவை வழக்கம்போல நடந்து, புதிய மாதிரி மட்டும் கெட்டால், தகடு வார்த்த விதத்தைச் சரிபார்த்துவிட்டு ரெசின் பக்கம் போகலாம். கட்டுப்பாட்டு ரெசினே இல்லையென்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். அது இல்லாமல் நடக்கும் எந்த விவாதமும் வாய்ச்சண்டைதான்.

அறிகுறி 1: பத்தும் எதிர்பார்த்ததைவிட மிகச் சீக்கிரம் விரிந்துவிட்டன

கரைசலின் செறிவு. சீட்டைப் பாருங்கள்: கேட்டது 100 சதவீதமா, 10 சதவீதமா? நீர் கலந்தால் வீரியம் குறையும் என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். பல எச்.டி.பி.இ. தரங்களில் நடப்பது நேர்மாறு. 10 சதவீதக் கரைசலில்தான் துண்டு சீக்கிரம் விரியும். ரெசின் நிறுவனத்தின் தாளில் 100 சதவீதத்துக்கான எண் இருக்கும். நீங்கள் 10 சதவீதத்தில் வைத்திருப்பீர்கள். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு ரெசினைத் திட்டுவீர்கள். செலவில்லாத திருத்தம் இது. ஆகவே முதலிடம்.

எந்த நிபந்தனை? ஏ, பி, சி என்று மூன்று உண்டு. ஏ நிபந்தனைக்குத் தடிமன் 3.00 முதல் 3.30 மி.மீ., வெட்டின் ஆழம் 0.50 முதல் 0.65 மி.மீ., தொட்டி 50 டிகிரி. பி நிபந்தனைக்குத் தடிமன் 1.84 முதல் 1.97 மி.மீ., ஆழம் 0.30 முதல் 0.40 மி.மீ., தொட்டி அதே 50 டிகிரி. சி என்பது பி-யின் அளவுகளோடு 100 டிகிரியில் வைப்பது. அடர்த்தி குறைந்த பாலிஎதிலீனுக்கு ஏ, அடர்த்தி கூடியதற்கு பி என்பது பொது வழக்கம். ஏ நிபந்தனையின் வெட்டு ஆழத்தை பி துண்டில் போட்டுவிட்டு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டதும் நடந்திருக்கிறது.

தடிமன். பத்துத் துண்டையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள். சராசரி போதாது. தடித்த துண்டை அதே கால்வாய்க்குள் வளைத்தால் வெளிமுகம் கூடுதலாக இழுபடும், சீக்கிரம் விரியும். வரம்பைத் தாண்டிய துண்டைக் கழித்துவிட்டு வேறு வெட்டுங்கள்.

வெட்டின் ஆழம். வெட்டிய ஒரு துண்டைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். வெட்டும் கருவியின் அளவுத் திருகு அதிர்வில் மெல்ல நகரும், கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒரு முறை அறுத்துப் பார்த்தால் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இப்போது ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு துண்டைப் பலி கொடுக்கிறோம்.

வளைத்த கை. வைஸில் வைத்து 30 முதல் 35 விநாடிக்குள் சீராக மூட வேண்டும். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில் வளைத்த துண்டுகள் ஐந்து விநாடியில் வளைந்திருக்கும். சுவரில் விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்றை மாட்டுங்கள். வளைத்துக் கால்வாயில் செருகிய பின் 5 முதல் 10 நிமிடத்துக்குள் குழாயில் இறக்கிவிட வேண்டும்.

தொட்டியின் சூடு. திரையில் 50 என்று காட்டுவதை நம்பாதீர்கள். அளவுத்திருத்தம் செய்த வெப்பமானியைக் குழாய்க்குள்ளேயே விட்டுப் பாருங்கள். அரை டிகிரிக்கு மேல் விலகினால் திருத்த வேண்டும்.

தகட்டை ஆற்றிய வேகம். இங்கிருந்து செலவு ஆரம்பிக்கிறது. பிரஸ்ஸில் வார்த்த தகடு நிமிடத்துக்குச் சுமார் 15 டிகிரி வீதம் குளிர வேண்டும். மின்சாரம் போய்ப் பிரஸ்ஸிலேயே மெல்ல ஆறிய தகடு சீக்கிரம் விரியும். அவசரத்தில் தண்ணீரில் போட்டுக் குளிர்வித்த தகடு தேவைக்கு மேல் தாக்குப்பிடிக்கும். இரண்டும் ரெசினைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பிரஸ்ஸின் குளிர்நீர் ஓட்டத்தையும், தட்டுக்குள் பதித்த, வெப்பம் அளக்கும் கம்பியையும் பாருங்கள். சிலிக்கோன் தெளிப்பானை அச்சில் அடித்திருந்தால் அந்தத் தகட்டைத் தூக்கி எறியுங்கள். எங்கள் அறைக்குள் அந்த டப்பா வரவே கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்து, கட்டுப்பாட்டுத் தகடும் ஒழுங்காக நடந்து, மாதிரி மட்டும் சீக்கிரம் விரிகிறதா? மெல்ட் இன்டெக்ஸும் (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதில் ஓடுகிறது என்ற அளவு) அடர்த்தியும் எடுங்கள். 190 டிகிரியில் 2.16 கிலோ எடையில் ஓட்டம் கூடியிருந்தால் மூலக்கூறுச் சங்கிலி குட்டையாகியிருக்கிறது. அடர்த்தி கூடியிருந்தாலும் விரிசல் முந்தும். இரண்டுமே தாளில் சொன்னபடி இருந்தால்தான் வெளி ஆய்வகத்தைக் கூப்பிடும் கட்டம்.

அறிகுறி 2: ஆயிரம் மணி நேரமாகியும் ஒன்றுகூட அசையவில்லை

எல்லோரும் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடும் அறிகுறி இது. எனக்கு இதன்மீதுதான் சந்தேகம் அதிகம்.

ஒரு துண்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வெட்டு உட்பக்கம் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். கறுப்பு நிறத் தகட்டில் வெட்டு எந்த முகத்தில் இருக்கிறது என்று மங்கலான விளக்கில் தெரியாது. வெட்டியதும் வெட்டு முகத்தின் ஒரு மூலையில் வெள்ளைப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது எங்கள் வழக்கமானது இப்படித்தான்.

அடுத்து பிளேடு. மழுங்கிய பிளேடு வெட்டாமல் நசுக்கும். அடி உருண்ட பள்ளத்திலிருந்து விரிசல் கிளம்பாது. புதுப் பிளேடானாலும் முனையை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவோம். 30 வெட்டுக்கு ஒரு முறை மறுபடி பார்ப்போம். 100 வெட்டைத் தாண்ட விடுவதில்லை. பிளேடு மாற்றிய தேதியையும் எண்ணிக்கையையும் கருவியின் மேலேயே ஒரு தாளில் ஒட்டிவையுங்கள்.

மூன்றாவது கரைசலின் வயது. 10 சதவீதக் கரைசலை ஒரு வாரத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும் கலக்குங்கள். ஒரு சோதனைக்கு ஊற்றியதை மறு சோதனைக்கு ஊற்றாதீர்கள். மூல இகெபால் ஈரத்தை உறிஞ்சும் திரவம். கண்ணாடி அல்லது உலோகக் கலத்தில், மூடியை இறுக்கி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பாதி திறந்து கிடந்த கலத்திலிருந்து ஊற்றியதை 100 சதவீதம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

மூன்றும் சரி என்றால், ரெசின் உண்மையிலேயே நல்லதாக இருக்கலாம். அப்போது சோதனைக்குத்தான் வயதாகிவிட்டது. இந்த முறை 1950களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில், தொலைபேசிக் கேபிள் உறைக்காகப் பிறந்தது. வளைத்த துண்டில் இழுவிசை நாளாக ஆகத் தளரும். இன்றைய குழாய் ரெசின்களும் தரைவிரிப்புத் தகட்டு (ஜியோமெம்பிரேன்) ரெசின்களும் அந்தத் தளர்ச்சியிலேயே தப்பித்துவிடுகின்றன. அவற்றுக்கு எடை தொங்கவிட்டு, விசை குறையாமல் இழுக்கும் முறைகள் வேண்டும். தரைவிரிப்புத் தகட்டுக்கு டி 5397: இகெபால் 10 சதவீதம், 50 டிகிரி, ஈல்டு வலிமையின் (துண்டு நிரந்தரமாக நீளத் தொடங்கும் விசையின்) 30 சதவீதச் சுமை. நாற்புறமும் வெட்டிய துண்டுக்கு ஐ.எஸ்.ஓ. 16770. குழாய் ரெசினுக்குப் பென்ட் எனப்படும் எஃப் 1473: காற்றில் 80 டிகிரி, 2.4 மெகாபாஸ்கல். இவற்றுக்கான, எடை தொங்கவிடும் சட்டகம் உங்களிடம் இல்லையென்றால் வளைதுண்டை ஐயாயிரம் மணி நேரம் ஓட்டுவதில் பயனில்லை. வெளியே அனுப்புங்கள்.

அறிகுறி 3: சில துண்டுகள் முதல் நாளே, மற்றவை ஒரு வாரம் கழித்து

துண்டுகளுக்கு 1 முதல் 10 வரை எண் போட்டீர்களா? போடவில்லையென்றால் இந்தத் தலைப்பில் உங்களுக்கு உதவ முடியாது. அடுத்த முறை போட்டுவிட்டு வாருங்கள். வெட்டிய வரிசை, தகட்டில் இருந்த இடம், கால்வாயில் இருந்த இடம் மூன்றும் அந்த எண்ணிலிருந்து தெரிய வேண்டும்.

கால்வாயின் மேல்முனைத் துண்டுகள் மட்டும் மாறி நடந்தால்: திரவ மட்டம். எங்கள் அறையில் மூன்று வாரங்களாக 9, 10ஆம் துண்டுகள் மட்டும் மற்றவற்றைவிட நெடுநேரம் தாங்கின. கால்வாயைத் திருப்பி வைத்தோம், பிளேடை மாற்றினோம், ஆளை மாற்றினோம். கடைசியில் அதிகாலைப் பணிக்கு வந்தவர் கவனித்தார்: ஒரு குழாயின் தக்கை சரியாகப் பொருந்தவில்லை. இரவு முழுவதும் நீர் ஆவியாகி, விடியும்போது மேல் இரண்டு துண்டுகளும் காற்றில் நின்றுகொண்டிருந்தன. பகலில் வந்த நல்லவர் ஒருவர் "குறைந்திருக்கிறதே" என்று நீர் ஊற்றி நிரப்பிவிடுவார், யாரிடமும் சொல்லாமல். அதனால் பகலில் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. அலுமினியத் தாள் சுற்றிய தக்கை, துண்டுகளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் திரவம், மாலையில் குழாயின் வெளியே மட்டக்கோடு. இவை போதும்.

வெட்டிய வரிசைப்படி போக்கு தெரிந்தால், அதாவது முன்னால் வெட்டியவை சீக்கிரமும் பின்னால் வெட்டியவை தாமதமாகவும் விரிந்தால்: பிளேடு அந்தத் தொகுதிக்கு நடுவிலேயே மழுங்கியிருக்கிறது.

தகட்டின் ஓரத்துத் துண்டுகள் மட்டும் மாறினால்: அச்சு முழுதாக நிரம்பவில்லை, அல்லது தட்டின் சூடு சீராக இல்லை. ஓரத்தில் விரல் அகலம் விட்டு வெட்டுங்கள்.

எந்த ஒழுங்கும் தெரியவில்லை என்றால் கால்வாயை அளங்கள். உள் அகலம் 11.75 மி.மீ. இருக்க வேண்டும். பித்தளை மெத்தென்ற உலோகம்; பல ஆண்டுகள் செருகி இழுத்ததில் வாய் விரிந்திருக்கும். மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் வெர்னியர் வைத்துப் பாருங்கள். விரிந்த கால்வாயைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய ஒருவர் முயன்றார். வேண்டாம். புதிது வாங்குவதுதான் வழி.

பரவல் என்பது ஓரளவு இந்தச் சோதனையின் பிறவிக்குணம் என்பதையும் மறக்க வேண்டாம். பத்துத் துண்டு வைப்பதும், நேரத்தை மடக்கை அளவில் குறித்து 50 சதவீதப் புள்ளியைப் படிப்பதும் அதனால்தான். பத்து நேரத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்து அறிக்கை எழுதுபவரைக் கண்டால் பேனாவைப் பிடுங்கிவிடுங்கள்.

அறிகுறி 4: இது விரிசலா, கோடா?

இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பதில் வருகிற இடம். தீர்ப்புகள் இவை:

வெட்டே நீளவாக்கில் நீண்டிருந்தால் அது தோல்வி இல்லை. வெட்டிலிருந்து கிளம்பி, அதற்குக் குறுக்கே ஓரத்தை நோக்கி ஓடும் கோடு தோல்வி; அது ஓரத்தைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. மேற்பரப்பில் சிறு குழி மட்டும் தெரிந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். நேரத்தைக் குறித்து வையுங்கள். பிறகு அது விரிசலாக மாறினால், குழி தெரிந்த நேரமே தோல்வி நேரம். வளைவில் வெளுத்திருப்பது மட்டும் தோல்வி ஆகாது.

வெட்டைத் தொடாமல் துண்டின் விளிம்பிலிருந்து விரிசல் தொடங்கினால் தனியாகக் குறித்துவிட்டு, துண்டு அறுக்கும் அச்சின் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டுப்படும். சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டு, புதுத் துண்டு வெட்டி மறுபடி தொடங்குங்கள்.

எல்லாரும் ஒரே விளக்கின் கீழ், வெறும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருவர் உருப்பெருக்கியோடும் ஒருவர் கண்ணாடி இல்லாமலும் பார்த்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பார்க்கும் நேரங்கள் தொடக்கத்தில் நெருக்கமாக இருக்க வேண்டும்: முதல் மணிக்குள்ளேயே மூன்று நான்கு முறை, பிறகு இடைவெளி கூட்டி, 48 மணிக்குப் பின் நாளுக்கு ஒரு முறை. மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய சோதனையில் "12 மணி நேரம்" என்று எழுதியிருந்தால், இரவில் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆகவே காலையில் தொடங்குங்கள்.

அறிகுறி 5: கரைசல் கலங்கிவிட்டது, அடியில் கூழாக நிற்கிறது

கலக்கும்போதே கூழ் கட்டினால்: குளிர்ந்த நீரில் ஊற்றியிருக்கிறீர்கள். 60 முதல் 70 டிகிரியில் குறைந்தது ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். அந்தச் சூட்டில் பால்போல் வெளுத்துத் தெரிவது இயல்பு, ஆறினால் தெளியும்.

தொட்டியில் வைத்தபின் வெளுத்தால்: தொட்டி சூடேறிவிட்டது. இந்த வகை நோனைல்பீனால் திரவம் 50களின் நடுப்பகுதி டிகிரிகளில் கலங்கத் தொடங்கும். நாம் வைப்பதோ 50இல். நான்கைந்து டிகிரி தாண்டினாலே முகம் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். காசில்லாத எச்சரிக்கை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு சரியாக இருந்தும் கலங்கினால் கலத்தின் சீட்டைப் பாருங்கள். எத்திலீன் ஆக்சைடு அளவு வேறான, பெயர் மட்டும் நெருங்கிய மாற்றுச் சரக்கைக் கடைக்காரர் கொடுத்திருக்கலாம். அதைக் கொண்டு நடத்திய சோதனை எதையும் அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

அறிகுறி 6: சோதனையில் தேறியது, ஆனால் கேன் கிடங்கில் வெடிக்கிறது

அதிகச் செலவு வைப்பது இதுதான். வாடிக்கையாளர் ஒழுகிய கேனின் படத்தை அனுப்பியிருப்பார். உங்களிடம் "500 மணி நேரம் தாண்டியது" என்ற தாள் இருக்கும். இரண்டும் உண்மைதான். தாள் பேசுவது பிரஸ்ஸில் வார்த்த தகட்டைப் பற்றி. ஒழுகியது ஊதி வார்த்த கேன்.

கேன் எங்கே விரிந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அடியில், அச்சு மூடி நெரிக்கும் தையல் கோட்டில் விரிந்திருந்தால் கேனை அறுத்து அந்த இடத்தின் தடிமனைப் பாருங்கள். உள்பக்கம் ஆழமான பள்ளம் இருந்தால் பாரிசன் (ஊதுவதற்கு முன் தொங்கும் உருகிய குழாய்) சூடு, அச்சு மூடும் வேகம், நெரிப்பு முனையின் வடிவம் ஆகியவற்றில் கோளாறு. இயந்திர ஆபரேட்டரோடு உட்காருங்கள். ரெசினை மாற்றி இது தீராது.

கைப்பிடி வளைவிலோ மூலையிலோ விரிந்திருந்தால் சுவர் அங்கே மெலிந்திருக்கும். மூன்று அடுக்குக்குப் பதில் ஐந்து அடுக்கு ஏற்றியிருக்கிறார்களா என்று கிடங்கில் கேளுங்கள். நேரில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

இடம் மாறி மாறி விரிந்தால் அரைத்துக் கலந்த பழைய பிளாஸ்டிக்கின் விகிதத்தையும், வண்ண மாஸ்டர்பேட்சையும் (நிறமி அடர்ந்த பிளாஸ்டிக் மணிகள்) விசாரியுங்கள். கேன் சுவரிலிருந்தே வெட்டிய துண்டின் மெல்ட் இன்டெக்ஸ், மூட்டை ரெசினுடையதைவிட வெகுவாக உயர்ந்திருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

ஒரே பொருளை நிரப்பிய கேன்கள் மட்டும் விரிந்தால் அந்தத் திரவத்தைக் கொண்டே சோதியுங்கள். இகெபால் என்பது ஒப்பிடுவதற்கான அளவுகோல் மட்டும். பூச்சிமருந்துக் குழம்பில் இருக்கும் கரைப்பானும் பால்மமாக்கியும் சேர்ந்து செய்வதை அது செய்யாது. நிரப்பிய புட்டியையே 60 டிகிரியில் வைக்கும் டி 2561 முறை இதற்குப் பொருத்தமானது. ஆபத்தான சரக்கு என்றால் கதை வேறு: ஐ.நா. குறியீடு பெற்ற பொதிக்கு, ஐரோப்பியச் சாலைப் போக்குவரத்து விதியில், 40 டிகிரியில் 21 நாள் தரத் திரவங்களோடு பொருத்தம் பார்க்கும் முறை உண்டு. அதை உங்கள் அறையில் ஒப்பேற்ற வேண்டாம். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் வேலை அது. கசிந்தது பூச்சிமருந்து என்றால் கேனை உங்கள் மேசைக்குக் கொண்டுவருவதற்கு முன்பே அவர்களைக் கூப்பிட்டுவிடுங்கள்.

அறிகுறி 7: பாலிஎதிலீன் அல்ல, பளிங்கு போன்ற பிளாஸ்டிக்கில் மயிரிழைக் கோடுகள்

பாலிகார்பனேட், அக்ரிலிக் வகையறா. மேலே சொன்ன வளைதுண்டு முறை இவற்றுக்குப் பொருந்தாது. ஐ.எஸ்.ஓ. 22088 தொடரில் இதற்கான முறைகள் இருக்கின்றன. குறிப்பிட்ட ஆரமுள்ள வளைந்த சட்டத்தில் பட்டையை இறுக்கி, சந்தேகப்படும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து வைப்பது எளிய வழி.

அதற்கும் முன், இரண்டு துருவமுனைப்புத் தாள்களுக்கு நடுவே பொருளைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். திருகுத் துளையைச் சுற்றியோ, உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் புகுந்த வாயருகிலோ வானவில் கோடுகள் நெருங்கி நின்றால் வார்ப்பிலேயே இறுக்கம் தங்கியிருக்கிறது. பாலிகார்பனேட் என்றால் 120 டிகிரியை ஒட்டி அடுப்பில் வைத்து ஆற்றிப் பார்க்கலாம். கோடு குறைந்தால் வார்ப்புதான் காரணம். குறையவில்லையென்றால் எதைக் கொண்டு துடைக்கிறார்கள், எந்தப் பசை, எந்தப் பெயின்ட், பக்கத்தில் மென்மையான பி.வி.சி. வயர் உரசுகிறதா என்று கேளுங்கள். 20 லிட்டர் பாலிகார்பனேட் தண்ணீர் கேன் கழுத்தடியில் விரிந்து வந்தால் கழுவும் காரநீரின் செறிவையும் சூட்டையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும். தலைக்கவசம், மருத்துவக் கருவி போன்ற உயிர்சார்ந்த பொருள் என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் கூடாது. நேரே வெளி ஆய்வகம்.

வெளியே அனுப்பும்போது

கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிப்பெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற இடத்துக்கோ, இந்தச் சோதனைக்கென்றே என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கோ அனுப்பலாம். அங்கீகாரச் சான்று பொதுவாக இருந்தால் போதாது. அதன் பட்டியலில் நீங்கள் கேட்கும் முறையின் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

விரிந்த துண்டு மட்டும் போனால் அவர்களால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. வெட்டாத தகடு, அதே தொகுதி ரெசின் ஒரு கிலோ, கட்டுப்பாட்டு ரெசின் ஒரு கிலோ, உடைந்த கேன், உடையாத கேன், அதில் நிரப்பிய திரவம் (அதன் பாதுகாப்புத் தாளோடு), உங்கள் பதிவேட்டின் நகல் எல்லாம் போக வேண்டும். உடைந்த முகத்தைத் துடைக்காதீர்கள். இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் கூடாது. உரசினால் நுண்ணோக்கியில் தெரியவேண்டிய தடம் அழிந்துவிடும். தனித்தனிப் பையில் போட்டு, எந்தப் பை எந்தப் பாதி என்று எழுதுங்கள். அடித்துத் திருத்திய வரிகளும் அந்த நகலில் இருக்கட்டும். வெள்ளை பூசி மறைக்க வேண்டாம்.